குழந்தைங்க யூராலஜி டாக்டர் முதலமைச்சர் காப்பீட்டு கார்டு எடுக்க மாட்டேங்கிறார், ஏன்?

பட்டாசு_ஊர்க்காரன்
வணக்கம் மக்களே. நமக்கு சிவகாசி பக்கம். பையனுக்கு 14 மாசம். பொறந்தப்பவே நர்சம்மா சொல்லிட்டாங்க, ஒண்ணுக்கு போற ஓட்டை நுனில இல்லாம அடிப்பக்கம் இருக்கு, ஹைப்போஸ்பேடியாஸ்னு பேரு, ஒரு வயசு வாக்குல ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு. இப்ப மதுரைல ஒரு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரில குழந்தைங்க யூராலஜி பாக்குற டாக்டர்கிட்ட காமிச்சோம். தங்கமான மனுசன், பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டி, ஓட்டை நடுத்தண்டுல இருக்கு, கொஞ்சம் வளைவும் இருக்கு, ஒரே தடவைல முடிக்கப் பாப்போம் முடியலேன்னா ரெண்டு ஸ்டேஜ்னு பொறுமையா சொன்னாரு. வெளிய வந்து காப்பீட்டு கார்ட நீட்டுனா ரிசப்ஷன்ல "இந்த டாக்டர் கேஸுக்கு கார்டு கிடையாது சார்"னுட்டாங்க. வாசல்லயே திட்டத்து போர்டு தொங்குது, எங்க மாமாவுக்கு கிட்னி கல்லு அங்கதான் கார்டுல எடுத்தாங்க, ஒத்தப் பைசா வாங்கல. கல்லுக்கு உண்டு புள்ளைக்கு இல்லியா? டாக்டர் வேணாங்குறாரா, ஆஸ்பத்திரி வேணாங்குதா, இல்ல கவர்மென்டே குடுக்கலியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கையில ரொக்கமா கட்ட வழி இல்ல.

மஞ்சப்பை_மாரி
இதுல புரியாம என்ன இருக்கு தல. கார்டுல வர்ற காசு கம்மி, ரொக்கம்னா இஷ்டத்துக்கு தீட்டலாம். போர்டு மட்டும் வாசல்ல தொங்கும். ஒரு மனு எழுதி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுங்க, மறுநாளே கார்டு எடுப்பாங்க பாருங்க.

காப்பீட்டு_மேசை
மாரி அண்ணே கொஞ்சம் பொறுங்க. நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில காப்பீட்டு டெஸ்க்லதான் உக்காந்திருக்கேன் (இவர் சொல்ற ஆஸ்பத்திரி இல்ல). திட்டத்துல ஒப்பந்தம் போடுறது ஆஸ்பத்திரிதான், டாக்டர் இல்ல. அதுவும் மொத்தமா போடுறது கிடையாது, துறை துறையாதான் அங்கீகாரம். யூராலஜிக்கு வாங்கியிருப்பாங்க, குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கு வாங்கியிருக்க மாட்டாங்க. அப்ப மாமா கல்லுக்கு கார்டு ஓடும், பையனுக்கு ஓடாது. ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணுக்கு இதெல்லாம் விளக்க நேரமும் இருக்காது, அதான் "இந்த டாக்டர் கேஸுக்கு இல்ல"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. இன்னொண்ணு, இந்த மாதிரி ஸ்பெஷலிஸ்ட் பாதிப் பேரு அந்த ஆஸ்பத்திரி சம்பளக்காரங்களே இல்ல, வாரத்துல சில நாள் வந்து போற கன்சல்டன்ட். அவர் பேர துறைல காட்டாம விட்ருந்தாலும் ப்ரீ ஆத் (ஆபரேஷனுக்கு முன்னாடி திட்டத்துல வாங்குற அனுமதி) போட முடியாது.

ஆனா ஒண்ணு. அங்கீகாரம் இருந்து, கார்டுல கேஸ் எடுத்துட்டு, மேற்கொண்டு மருந்துக்கு இவ்ளோ நூலுக்கு இவ்ளோன்னு கைல காசு கேட்டா அது தப்பு, அப்ப மாரி அண்ணன் சொன்ன மாதிரி புகார் குடுக்கலாம். ஆரம்பத்துலயே அந்தத் துறைக்கு கார்டு இல்லேன்னு சொல்றது வேற விசயம்.

மஞ்சப்பை_மாரி
சரி அப்ப அந்தத் துறைக்கு ஏன் வாங்கல? அதுக்கு பதில் சொல்லுங்க. காசுதான?

தையல்_7_0
நான் பதில் சொல்லலாமா. குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர், யூராலஜிதான் பெரும்பாலும் பண்றேன், மாவட்டத் தலைநகர் ஒண்ணுல. பேரு ஊரு வேணாம். கார்டுல கேஸ் எடுக்குறேன், ஆனா எல்லாத்தயும் எடுக்குறதில்ல. மாரி சார் சொல்ற காசு காரணம் பொய் இல்ல, அத மறைக்கப் போறதில்ல. ஆனா நீங்க நினைக்குற இடத்துல காசு பிரச்சனை இல்ல.

முதல்ல இந்த ஆபரேஷன் என்னன்னு சொல்லிடுறேன். 200லேர்ந்து 300 ஆண் குழந்தைக்கு ஒண்ணுன்னு வர்ற விசயம் இது, அபூர்வம்லாம் கிடையாது. 6 மாசத்துலேர்ந்து 18 மாசத்துக்குள்ள பண்ணா நல்லது, பையனுக்கு ஞாபகமும் இருக்காது. கண்ணுல லூப்னு பெருசாக் காட்டுற கண்ணாடி மாட்டிக்கிட்டு 6-0, 7-0ன்னு நம்பர் போட்ட மெல்லிசு நூல்ல தைக்கணும், 7-0 நூலோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல இருபதுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். மூத்திரக்குழாய புதுசா உருவாக்கி, வளைவ நிமித்தி, மேல ஒரு அடுக்கு போத்தி, தோல் மூடி முடிக்க ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். கூட குழந்தைக்கு மயக்கம் குடுக்கத் தெரிஞ்ச அனஸ்தீசியா டாக்டர் வேணும், எல்லாரும் 10 கிலோ குழந்தைக்கு குடுக்க மாட்டாங்க. அதே மூணு மணி நேரத்துல அதே தியேட்டர்ல பெரியவங்க கல்லு கேஸ் ரெண்டு மூணு முடிச்சிடலாம்னு அட்மின்ல உக்காந்திருக்குறவர் கணக்கு போடுவாரு. அவர் கணக்கு தப்பில்ல, கரென்ட் பில் அவர்தான கட்டணும். பேக்கேஜ்ங்கறது ஆபரேஷன் பேருக்கு ஒரு ரேட், ஆஸ்பத்திரி கிரேடுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூடும் குறையும், குழந்தை சின்னதா இருக்கு நேரம் ஜாஸ்தியாச்சுன்னு யாரும் கூட்டித் தர மாட்டாங்க.

அடுத்தது கருவி. வால்வு கேஸ்னு ஒண்ணு இருக்கு, ஆண் குழந்தைக்கு மூத்திரப்பாதைல ஜவ்வு அடைச்சுக்கிட்டு பொறக்கும், நாங்க பி.யூ.வி.ன்னு சொல்லுவோம். பிறந்து சில நாள்லயே அத வெட்டணும்னா 3 மில்லிமீட்டருக்கும் கம்மியான தடிமன்ல ஸ்கோப் (மூத்திரப்பாதைக்குள்ள விட்டுப் பாக்குற குழாய்க் கருவி) வேணும். பெரியவங்க ஸ்கோப் ஆஸ்பத்திரிக்கு தினமும் சம்பாதிச்சுக் குடுக்கும், இது எப்பவாவது ஒரு குழந்தைக்கு எடுப்போம். யாரு வாங்கி வைப்பா? அதனால நிறைய ஊர்ல டாக்டர் இருந்தும் கருவி இல்லாம சென்னைக்கோ வேலூருக்கோ அனுப்புறோம்.

இதெல்லாம் கூட சமாளிச்சுக்கலாம். நான் தயங்குறதுக்கு நிஜமான காரணம் ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற வருசங்கள். அத சாயங்காலம் எழுதுறேன், ஓபி நேரம்.

நெல்லை_சிஸ்டர்
டாக்டர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிக்குறேன். அங்கன்வாடிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவ, ஸ்கூலுக்கு ஒரு தடவ ஆர்.பி.எஸ்.கே.ன்னு புள்ளைங்க உடம்ப செக் பண்ற கவர்மென்ட் டீம் வண்டி வரும்லா, 2013ல ஆரம்பிச்ச திட்டம், 18 வயசு வரைக்கும் பாக்கணும். அதுல பிறவிக் குறைன்னு ஒன்பது எழுதிருக்கும், உதடு பிளவு, வளைஞ்ச பாதம், இதய ஓட்டை, கண்புரை இந்த மாதிரி. மூத்திரப்பாதை குறை ஒண்ணு கூட அந்த ஒன்பதுல இல்ல. இருந்தாலும் டீம்ல நல்ல டாக்டர் இருந்தா பாத்து எழுதி அனுப்புவாங்க, ஆனா ட்ரவுசர கழட்டிப் பாக்கணும்லா, கூட்டத்துல யாரு பாக்கா? எட்டு வயசுல ஒரு விதை இறங்கலன்னு கண்டுபிடிச்சு வர்ற பையங்கள நான் வார்டுல பாத்துருக்கேன். 6 மாசத்துக்கு மேல அது தானா இறங்காது, ஒன்றரை வயசுக்குள்ள இறக்கி வச்சிரணும். தாய்மார்களே, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டும்போது ரெண்டு பக்கமும் தொட்டுப் பாருங்க.

அப்புறம் முஸ்லிம் வீட்டு ஆளுங்க யாராவது இருந்தா: ஓட்டை அடில இருந்தா தயவுசெஞ்சு சுன்னத் பண்ணிராதீங்க. அந்தத் தோல வச்சுதான் பின்னாடி குழாய் கட்டணும். ஆபரேஷன் முடியும்போது அதுவும் சேந்தே முடிஞ்சிரும்.

டல்லாஸ்_தாத்தா
பேரன பாத்துக்க அமெரிக்கா வந்து உக்காந்திருக்கேன், இங்கயும் கதை அதேதான்னு சொல்லத்தான் எழுதறேன். மெடிகெய்டுன்னு 1965ல ஆரம்பிச்ச ஏழைங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ், அப்புறம் 1997ல குழந்தைங்களுக்கு சிப்னு ஒண்ணு, ரெண்டும் சேத்தா நாட்டுல பத்துல நாலு குழந்தைக்கு அதான் கவர். தனியார் இன்சூரன்ஸ விட கம்மியா குடுக்குறாங்கன்னு நிறைய தனி கிளினிக்ல புது மெடிகெய்டு பேஷன்ட் எடுக்கறதில்ல. ஆனா குழந்தைங்க யூராலஜிஸ்ட் பெரும்பாலும் பெரிய குழந்தைங்க ஆஸ்பத்திரில சம்பளத்துக்கு இருக்கறதால அங்க போனா பாத்துடறாங்க, என்ன, அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும். இங்க இந்தத் துறைக்கு 2008லேர்ந்து தனி சான்றிதழ் பரிட்சையே உண்டாம். நம்மூர்ல?

தையல்_7_0
நம்மூர்ல குழந்தைங்க யூராலஜிக்குன்னு பொதுவான தனி எம்.சி.ஹெச். (எம்.எஸ்.க்கு மேல படிக்குற ஸ்பெஷலிஸ்ட் ஆபரேஷன் படிப்பு) ரூட் கிடையாது தாத்தா. எம்.பி.பி.எஸ்., மூணு வருசம் எம்.எஸ்., மூணு வருசம் எம்.சி.ஹெச். குழந்தைகள் அறுவை சிகிச்சை, அதுக்கு மேல ஆர்வம் இருக்குறவன் ஃபெல்லோஷிப் போவான். இன்னொரு வழி எம்.சி.ஹெச். யூராலஜி முடிச்சிட்டு குழந்தைங்க பக்கம் வர்றது. அதனால காப்பீட்டு லிஸ்ட்லயும் எங்க கேஸ் பாதி யூராலஜில கிடக்கும் பாதி குழந்தைகள் அறுவை சிகிச்சைல கிடக்கும். நம்ம மேசைக்காரர் மேல சொன்ன துறை குழப்பம் இதுனாலதான் வருது.

சரி, விட்ட இடம். அந்த வால்வு குழந்தையவே எடுத்துக்கங்க. ஜவ்வ வெட்டுறது சில நிமிச வேலை. அதுக்கு பேக்கேஜ் உண்டு, காசும் வரும், ஒழுங்கா வரும். ஆனா அந்தக் குழந்தை வயித்துல இருக்கும்போதே மூத்திரம் முட்டி முட்டி மூத்திரப்பை தடிச்சுப் போயிருக்கும், கிட்னி கொஞ்சம் அடிவாங்கியிருக்கும். ஜவ்வு போனதும் எல்லாம் சரியாயிடாது. வருசா வருசம் ஸ்கேன், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட், பிரஷர், மூத்திரத்துல கிருமி இருக்கான்னு கல்ச்சர், பை இறுக்கத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை, சில பேருக்கு அம்மாவே ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ டியூப் விட்டு மூத்திரம் எடுக்கணும். முதுகுத்தண்டு பிளவோட பொறந்த குழந்தைங்களுக்கும் இதே டியூப்தான், ஆயுசுக்கும். இந்த நடு வேலை எதுவும் அட்மிஷன் இல்ல. திட்டத்துல ஃபாலோ அப்புக்குன்னு கொஞ்சம் பேக்கேஜ் இருக்கு, டயக்னாஸ்டிக் டெஸ்ட் கொஞ்சம் இருக்கு, ஆனா எங்க குழந்தைங்களோட மாசாந்திர டியூப், மாத்திரை, ஓபி ரிவ்யூ அதுக்குள்ள அடங்காது. பஸ் செலவு, அப்பாவோட ஒரு நாள் கூலி, இதெல்லாம் கணக்குலயே வராது. ரெண்டு வருசம் வருவாங்க, பையன் நல்லா ஓடுறான் ஆடுறான், அப்புறம் வரமாட்டாங்க. பத்து பன்னெண்டு வயசுல முகம் வீங்கி, வளர்த்தி இல்லாம வந்து நிப்பான், கிரியேட்டினின் எகிறியிருக்கும். அப்ப டயாலிசிஸுக்கு கார்டு உண்டு. கிட்னி மாத்துறதுக்கும் கார்டு உண்டு, லட்சக்கணக்குல குடுப்பாங்க. கிட்னிய காப்பாத்துற டியூபுக்கு கிடையாது. கல்யாணத்துக்கு அள்ளிக் குடுப்பேன், குடும்பம் நடத்த அரிசிக்கு தரமாட்டேங்கிற கதைதான்.

கார்டுல ஒரு கேஸ நான் எடுக்குறேன்னா அந்தப் பையன 15, 18 வயசு வரைக்கும் நான் பாக்கணும். அதுல முதல் நாளுக்கு மட்டும்தான் திட்டம் கூட வருது. அதனால சுலபமா முடியுற கேஸ மட்டும் கார்டுல எடுக்குற பழக்கம் தானா வந்துடுது, விதை இறக்குறது, ஹெர்னியா இந்த மாதிரி. கஷ்டமானது எல்லாம் கவர்மென்ட் ஆஸ்பத்திரி தலைல. இது சரின்னு நான் சொல்ல வரல.

மஞ்சப்பை_மாரி
சார் நல்லா எழுதுறீங்க, ஒத்துக்குறேன். ஆனா ரிவ்யூவ ஃபீஸ் வாங்காம பாத்தா என்ன குறைஞ்சு போயிடும்? டியூப் என்ன தங்கத்துலயா செய்றாங்க? எல்லாத்துக்கும் திட்டம் மேலயே பழி போட்டா எப்படி. 2009ல கலைஞர் காப்பீடு வந்தப்பயும் இதான் சொன்னாங்க, 2012ல ஜெயலலிதா மாத்தினப்பயும் இதான், 2018ல மோடி திட்டத்தோட சேத்து 5 லட்சம் ஆனப்பயும் இதான். ரேட் பத்தல ரேட் பத்தல.

தையல்_7_0
பழைய கார்டு குழந்தைங்களுக்கு ஃபீஸ் வாங்குறதில்ல சார், எங்க ஆளுங்க நிறைய பேரு அப்படித்தான், அது பெருமையும் இல்ல. ஆனா ஸ்கேனும் ரத்தமும் ஆஸ்பத்திரியோடது, அத நான் தள்ளுபடி பண்ண முடியாது. டியூப் தங்கம் இல்லதான், கழுவிக் கழுவி திரும்ப யூஸ் பண்ணச் சொல்லித்தான் குடுக்குறோம். கூலி வேலைக்குப் போற வீட்டுல மாசா மாசம் அதுவே பாரம்.

5 லட்சம்னு சொன்னீங்கள்ல, அதான் எனக்கு எரிச்சல். உச்சவரம்ப ஏத்திக்கிட்டே போறாங்க. எங்க குழந்தைங்க யாரும் ஒரு வருசத்துல 5 லட்சத்த தொடப் போறதில்ல. அவங்களுக்கு வேண்டியது வருசத்துக்கு சில ஆயிரம், ஆனா பதினஞ்சு வருசத்துக்கு. அப்படி ஒரு பேக்கேஜ் போடுங்கன்னு நாங்க கேட்டா ஓபிக்கு எப்படி ஆடிட் பண்றதும்பாங்க. அவங்க பயமும் நியாயம்தான், பொய் பில் போடுற ஆஸ்பத்திரிங்க இல்லாமயா இருக்கு.

மஞ்சப்பை_மாரி
அத ஒத்துக்கிட்டீங்களே அது போதும் :) ஆனா ஈஸி கேஸ மட்டும் கார்டுல எடுக்குறது எனக்கு இன்னும் செரிக்கல.

மண்டபத்தான்
நாங்க முகாம் ஆக்கள். எங்கட அக்காட மகனுக்கு விதை ஒண்டு இறங்கேல்ல எண்டு இந்தக் கார்டிலதான் செய்தது. இலங்கைத் தமிழர் முகாமில பதிவு இருந்தா வருமானச் சான்றிதழ் கேக்கிறேல்ல, வரம்பு இல்ல. கன சனத்துக்கு இது தெரியாது, காசு கட்டிப்போட்டு பிறகு வந்து அழுகினம். ஆரும் முகாம்காரர் இத வாசிச்சா தெரிஞ்ச ஆக்களுக்கு சொல்லிவிடுங்கோ.

காப்பீட்டு_மேசை
சரியா சொன்னீங்க தம்பி. மத்தவங்களுக்கு வருச வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், முன்ன 72,000ஆ இருந்தது. வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்கு குடும்பத்தோட போகணும். கைக்குழந்தை இருக்குறவங்க ரேஷன் கார்டுல குழந்தை பேர முதல்ல ஏத்துங்க. நிறைய கேஸ் இதுலதான் மாட்டுது, அப்பா அம்மா பேரு கார்டுல இருக்கும், ஆபரேஷன் பண்ண வேண்டிய குழந்தை பேரு இருக்காது.

டாக்டர் சொல்லாம விட்ட இன்னொரு தலைவலிய நான் சொல்றேன், ஏன்னா அது எங்க டெஸ்க்லதான் விழும். க்வெரி, அதாவது திட்டத்துப் பக்கம் இருந்து விளக்கம் கேட்டு வர்ற கேள்வி. ப்ரீ ஆத் போட்டா அந்தப் பக்கம் பாக்குற டாக்டருக்கு இந்தத் துறை பழக்கம் இருக்கணும்னு அவசியம் இல்ல. ஹைப்போஸ்பேடியாஸ் ரெண்டு ஸ்டேஜ்ல பண்ணுவாங்க, நடுவுல 6 மாசம் விடணும். ரெண்டாவது ஸ்டேஜ்க்கு போட்டா "இந்தக் குழந்தைக்கு இதே ஆபரேஷன் ஏற்கனவே ஆயிடுச்சே, காரணம் சொல்லவும்"னு வரும். நாங்க டாக்டர துரத்தி லெட்டர் வாங்கி ஏத்துவோம். பைலோபிளாஸ்டி (கிட்னிலேர்ந்து மூத்திரம் இறங்குற இடத்து அடைப்ப சரி பண்ற ஆபரேஷன்) கேஸ்ல உள்ள வைக்குற ஸ்டென்ட்ட, அதாவது மெல்லிசு குழாய, நாலஞ்சு வாரம் கழிச்சு எடுக்கணும், பெரியவங்களுக்கு ஜெல் போட்டு அஞ்சு நிமிசத்துல உருவிடலாம், குழந்தைக்கு திரும்ப மயக்கம் குடுத்து தியேட்டருக்கு கொண்டு போகணும். இது ஏன் தனி அட்மிஷன்னு ஒரு க்வெரி. பெரிய கேஸ விட இந்த சின்ன ஐட்டம்லதான் எங்க உசுரு போகுது. அட்மின் பாக்குறது என்ன, இந்தத் துறைல க்ளெய்ம் வெட்டு ஜாஸ்தி, தாமதம் ஜாஸ்தி, அடுத்த தடவ புதுப்பிக்கும்போது இந்தத் துறைய விட்டுடு. முடிஞ்சு போச்சு.

ஆனா அவசரம்னா வேற. விதை முறுக்கிக்கிட்டு ஒரு பையன் வலியோட வந்தா 6 மணி நேரத்துக்குள்ள திறந்தாகணும், அதுக்கு போன்லயே அப்ரூவல் வாங்கிட்டு பேப்பர பின்னாடி ஏத்தலாம். கார்டு கைல இல்ல வீட்ல இருக்குன்னு யாரும் உக்காந்து யோசிக்காதீங்க, நேரா வாங்க.

ரெண்டு_டயப்பர்_அம்மா
ஊர்க்காரன் அண்ணா, என் பையனுக்கும் இதேதான், ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில பண்ணோம். உங்களுக்கு உதவும்னு விலாவாரியா எழுதுறேன். கூட்டம், வெயிட்டிங், ஒரு தடவ அட்மிட் ஆகி சளி இருக்குன்னு திருப்பி அனுப்பினாங்க, அப்ப கோவம் வந்துச்சு, ஆனா சளியோட மயக்கம் குடுக்கக் கூடாதுன்னு அப்புறம் புரிஞ்சுது. அங்க எப்படியும் இலவசம்தான், ஆனாலும் கார்டு கேப்பாங்க, குடுங்க, அந்தக் காசு ஆஸ்பத்திரிக்கே போய் கருவி வாங்க உதவும்னு சொன்னாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு குழந்தைய வெளிய கொண்டு வரும்போது ஒரு மெல்லிசு டியூப் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். பை மாட்ட மாட்டாங்க. ரெண்டு டயப்பர் போடணும். உள் டயப்பர்ல முன்பக்கம் ஒரு ஓட்டை வெட்டி டியூப அது வழியா வெளிய எடுத்து, மேல கொஞ்சம் பெரிய சைஸ் டயப்பர் போட்டுட்டா மூத்திரம் வெளி டயப்பர்ல சொட்டும், மலம் உள் டயப்பரோட நின்னுடும், தையல்ல படாது. நர்ஸ் ஒரு தடவதான் காட்டினாங்க, ராத்திரி நான் ஓட்டைய தப்பான இடத்துல வெட்டி பக்கத்து பெட் அக்கா வந்து சரி பண்ணி விட்டாங்க. டயப்பர் மட்டும் நம்ம செலவு, பாக்கெட் பாக்கெட்டா போகும், முன்னாடியே ரெண்டு சைஸ்லயும் வாங்கி வச்சுக்கங்க.

ஒண்ணு மட்டும் எனக்கு உறுத்துச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு போட்டோ, முடிஞ்சதும் ஒரு போட்டோ எடுத்தாங்க, இன்சூரன்ஸுக்கு ஏத்தணும்னு. எடுத்தது யாரோ ஒரு பையன், அவன் சொந்த போன்ல. எம்புள்ள அந்தரங்கம் யாரு போன்ல இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

தையல்_7_0
இது நியாயமான கோவம் அம்மா. ஆபரேஷன் நிஜமாவே நடந்துச்சான்னு காட்டத்தான் போட்டோ கேக்குறாங்க, அதுல தப்பில்ல. ஆனா சொந்த போன்ல எடுக்கக் கூடாது, முகம் விழவே கூடாது, ஏத்தினதும் அழிக்கணும். நம்ம இடத்துல ஆஸ்பத்திரி டேப் ஒண்ணு தியேட்டர்லயே கிடக்கு, அதுல மட்டும்தான் எடுப்போம். பெத்தவங்க கேக்கலாம், "எதுல எடுக்குறீங்க, எங்க போகுது"ன்னு கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டா சீஃப் கிட்ட சொல்லுங்க.

காப்பீட்டு_மேசை
நாங்க எங்க டெஸ்க்ல இத மாத்தணும். நாளைக்கு மீட்டிங்ல எடுத்து வைக்கிறேன். நிஜமா சொல்றேன், டாக்குமென்ட் ஏறிச்சா ஏறலையான்னு மட்டும்தான் நாங்க பாப்போம், எந்த போன்ல எடுத்தாங்கன்னு யாரும் கேக்குறதில்ல.

பீளமேடு_சுந்தரி
ஊர்க்காரன் சார் நீங்க என்ன வேலை பாக்குறீங்க? பிரஸ்ஸோ தீப்பெட்டியோ கம்பெனில ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களா? மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. அது இருந்தா குழந்தைக்கும் உண்டு, பெரிய ஆபரேஷன்னா ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்து டை அப் போட்ட பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. டாக்டர் புலம்புற ஓபி, மாத்திரை எல்லாம் கூட அதுல வரும்ங்க. இத்தனை மாசம் கட்டியிருக்கணும்னு ரூல் இருக்கு, லோக்கல் ஆபீஸ்ல கேட்டுக்கங்க.

பட்டாசு_ஊர்க்காரன்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நினைக்கல. நான் ஆஃப்செட் பிரஸ்ல இருக்கேன், ஆமா சம்பளத்துல 0.75 சதவீதம்னு ஈ.எஸ்.ஐ. பிடிக்குறாங்க, எதுக்கு பிடிக்குறாங்கன்னு இப்பதான் யோசிக்குறேன். நாளைக்கு லீவு போட்டு ஆபீஸ்ல விசாரிக்குறேன். அது தோதுப்படலேன்னா மதுரை ராஜாஜி கவர்மென்ட் ஆஸ்பத்திரில குழந்தைகள் அறுவை சிகிச்சை ஓபிக்கு போயிடலாம்னு வீட்ல பேசியாச்சு.

இன்னொரு விசயம், இன்னிக்கு அந்த பிரைவேட் டாக்டர்கிட்டயே போன்ல கேட்டேன். அவர் மறைக்கல. "தம்பி ஆஸ்பத்திரி என் துறைய போன தடவ புதுப்பிக்கல, நான் கேட்டும் நடக்கல. நீங்க கவர்மென்ட்ல பண்ணுங்க, அங்க பண்றவங்க என்னை விட நிறைய பண்றவங்க. பண்ணதுக்கு அப்புறம் சந்தேகம்னா என்கிட்ட வாங்க"ன்னாரு. மாரி அண்ணே, மனு குடுக்குற ஐடியாவ விட்டுட்டேன்.

மஞ்சப்பை_மாரி
டாக்டர் மேல குடுக்காதீங்க, சரி. அந்தத் துறைய ஏன் புதுப்பிக்கலன்னு ஆஸ்பத்திரி மேல குடுக்கலாம்ல? மாவட்டத்துல எந்த ஆஸ்பத்திரில எந்தத் துறைக்கு கார்டு ஓடும்னு ஒரு லிஸ்ட்ட வாசல்ல ஒட்டச் சொல்லியாவது குடுங்க. போர்டு மட்டும் பெருசா வைக்கத் தெரியுதுல்ல.

தையல்_7_0
இதுல நான் மாரி சார் கட்சி. துறை பேரோட லிஸ்ட் வாசல்ல இருந்தா பாதிப் பேரு அலைய வேண்டியதில்ல. திட்டத்து வெப்சைட்ல துறைவாரியா தேடலாம், ஆனா பிரஸ்லயும் பட்டாசு ஆலையிலயும் வேலை பாக்குறவங்க அத தேடிப் பாத்துட்டா கிளம்பி வர்றாங்க.

பட்டாசு_ஊர்க்காரன்
கடைசியா ஒரு சந்தேகம் மேசை அண்ணே. ஒருவேளை ரெண்டு ஸ்டேஜ் ஆச்சுன்னா, முதல் ஸ்டேஜ் ஒரு இடம், ரெண்டாவது இன்னொரு இடம்னு பண்ணலாமா? கார்டு விடுமா?

காப்பீட்டு_மேசை
கார்டு விடும், ரெண்டாவதுக்கு புதுசா ப்ரீ ஆத் போடுவாங்க. ஆனா டாக்டர மாத்தாம இருக்குறது நல்லதுன்னு நினைக்கிறேன், அது தையல் சார் சொல்லட்டும். என் பக்கத்துலேர்ந்து சொல்றது இதான்: முதல் டிஸ்சார்ஜ் சம்மரில "ஸ்டேஜ் 1, ரெண்டாவது ஸ்டேஜ் தேவைப்படும்"னு டாக்டர் கையால எழுத வச்சு வாங்கிக்கங்க. அந்த ஒரு வரி இருந்தா க்வெரி வந்தாலும் அன்னிக்கே பதில் ஏத்திடலாம். ஜெராக்ஸ் ரெண்டு எடுத்து ஒண்ண வீட்ல வைங்க, ஆஸ்பத்திரி ஃபைல்ல இருக்கும்னு நம்பாதீங்க.

தையல்_7_0
டாக்டர முடிஞ்ச வரை மாத்தாதீங்க. முதல் ஸ்டேஜ்ல எந்தத் தோல எங்க வச்சுத் தைச்சோம்னு தைச்சவனுக்குத்தான் முழுசா தெரியும். மாத்தியே ஆகணும்னா ஆபரேஷன் நோட்ஸ் காப்பியும் கேட்டு வாங்குங்க, சம்மரி மட்டும் பத்தாது.